ஊசிக்குப் பதில் பேட்ச் ஒட்டலாமா?

எடை குறைக்க ஊசியாகப் போடும் செமாகுளுடைடு மருந்தைக் களிம்பாகத் தடவிக்கொள்ள முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது, தோல் விடாது. பொதுவாக 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறு தோலின் மேலடுக்கைத் தாண்டுவதே கஷ்டம், இதுவோ சுமார் 4,100 டால்டன்.

சரி, துளைத்துவிடலாமே என்று வந்ததுதான் நுண்ணூசி பேட்ச். ஊசி ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதனால் வலியும் அவ்வளவாகத் தெரியாது. ஹயலுரானிக் அமிலம் (நம் தோலிலேயே இருப்பது), இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் மாதிரி இயற்கைப் பாலிமர்களில் அந்த ஊசிகளைச் செய்ய முடியும்.

எனக்குப் பிடித்தது அமெரிக்காவில் கொலம்பியா, வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட வேலை. டெக்ஸ்ட்ரான் என்கிற சர்க்கரைப் பாலிமரில் செய்த நானோ துகள்களுக்குள் மருந்தை (செமாகுளுடைடு அல்ல, வேறு மருந்து) வைத்து, குண்டு எலிகளுக்கு ஒரு பக்கம் மட்டும் மருந்துப் பேட்ச் ஒட்டினார்கள். அந்தப் பக்கத்து வெள்ளைக் கொழுப்பு, ஆற்றலை எரிக்கும் பழுப்பு வகையாக மாறத் தொடங்கி, மறுபக்கத்தைவிடச் சுமார் 20 சதவீதம் குறைந்தது.

எலிக்குத்தான்! ஆன்லைனில் விற்கும் 'தொப்பை கரைக்கும் பேட்ச்'சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம், இத்தனூண்டு ஊசிகளுக்குள் மருந்தை அதிகம் அடைக்க முடியாது என்பது ஆய்வாளர்களுக்கு இன்னும் தீராத தலைவலி.