இன்னொரு முறை ரத்தம் எடுக்கணும்

மாரடைப்பா என்று ரத்தத்தில் பார்க்கும் டெஸ்ட் கார்டில் ஒரு கோடுதான் விழுந்திருந்தது. கால் மணி நேரம் காத்திருந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். இரண்டாவது கோட்டின் சாயல்கூட இல்லை. ரிப்போர்ட்டில் ‘ட்ரோபோனின் - நெகட்டிவ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது 2005. லேப் டெக்னீஷியன் படிப்பான டிஎம்எல்டி முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு சின்ன நர்சிங் ஹோமில் இரவு டியூட்டி.

வந்தவர் மாவு மில் வைத்திருந்தவர். நெஞ்சு எரிகிறது என்று தானே நடந்து வந்தார். ஈசிஜியில் பெரிதாக எதுவும் இல்லை. என் ரிப்போர்ட்டும் போனதும் வாயுத் தொல்லைக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விடிவதற்குள் அவரை மறுபடியும் கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. கார்டில் பழுதில்லை, நான் படித்ததிலும் தவறில்லை. ஆனால் வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று அந்த இரவில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காலையில் அவர் மனைவி யாரிடமோ சொல்லி அழுதது என் காதில் விழுந்தது: “சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் வலிக்குதுன்னாரு. பத்து நிமிஷம்கூட வெச்சிருக்கல, உடனே கூட்டிட்டு வந்துட்டோம்.” அவ்வளவு சீக்கிரம் வந்ததால்தான் டெஸ்ட்டில் அது தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த அம்மாவின் குரல் எனக்கு மறக்கவில்லை.

ட்ரோபோனின் இதயத் தசை நாருக்குள் உட்கார்ந்திருக்கும் புரதம். தசை சுருங்கி விரிவதை முறைப்படுத்துவது அதன் வேலை. அடைப்பு ஏற்பட்டு ரத்தம் கிடைக்காமல் தசைச் செல்கள் சிதையும்போது அது ரத்தத்தில் கசிகிறது. கசிந்தது கருவிக்குத் தெரியும் அளவுக்குச் சேர வேண்டும். அன்றைய கார்டு டெஸ்ட்டுக்கு நாலு மணி நேரமாவது ஆகும், சிலருக்கு ஆறு மணி நேரம்கூடப் பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் ‘இல்லை’ என்று வந்தால் அதற்கு ‘இன்னும் தெரியவில்லை’ என்றுதான் பொருள். நான் எழுதிய ஒற்றைச் சொல்லில் அந்த வித்தியாசம் இல்லை.

மாரடைப்பை ரத்தத்தில் தேடும் வேலை ஒன்றும் புதிதல்ல. 1954-ல் நியூயார்க்கில் லாடூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மன் என்ற மூன்று பேர் மாரடைப்புக்குப் பிறகு ரத்தத்தில் எஸ்ஜிஓடி என்ற நொதி ஏறுவதைக் காட்டினார்கள். ஆனால் அது கல்லீரலிலும் இருக்கிறது, கை கால் தசையிலும் இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு அது லிவர் டெஸ்ட் பட்டியலில் இருக்கிறது. அப்புறம் இதயத் தசையில் அதிகம் உள்ள சிகே-எம்பி என்ற நொதி வந்தது. நான் படிக்கும்போது அதற்குத்தான் மதிப்பு. 2000-ல் ஐரோப்பிய, அமெரிக்க இதயநோய் அமைப்புகள் சேர்ந்து மாரடைப்பின் வரையறையையே ட்ரோபோனினை மையமாக வைத்து மாற்றி எழுதின. அதன் பிறகு வரையறையைத் திருத்தி எழுதியபோதும் ஒரு விஷயம் மாறவில்லை: அளவில் ஏற்ற இறக்கம் தெரிய வேண்டும். ஒரு தடவை அளந்து ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்க்க முடியாது.

இப்போது நான் இருக்கும் ஆஸ்பத்திரி பெரியது. மெஷின் மிக நுண்ணியது, கார்டு காட்டும் அளவில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எண்ணாகச் சொல்லிவிடும். ஆண்களுக்கு அதன் எல்லை லிட்டருக்கு 34 நானோகிராம். சில வருஷங்களுக்கு முன் ஒரு லோடு வேன் ஓட்டுநரைக் கூட்டிவந்தார்கள். மணி இரண்டேகால். முதல் ரத்தத்தில் 11. கேஷுவாலிட்டிக்குப் போன் பண்ணிச் சொன்னேன், மூன்று மணி நேரத்தில் இன்னொன்று அனுப்பச் சொன்னேன். அவர் மகன் நேராக லேபுக்கே வந்துவிட்டான். இருபது வயது இருக்கும்.

“நார்மல்னுதானே மேடம் வந்திருக்கு? அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை? பில்லு ஏத்துறதுக்கா?”

“தம்பி, அப்பாவுக்கு வலி எத்தன மணிக்கு ஆரம்பிச்சுச்சு?”

“ஒன்றரை இருக்கும்.”

“மாடித் தொட்டியில விரிசல் விட்டா கீழ்ச் சுவத்துல ஈரம் தெரிய நேரமாகும்ல? இப்ப சுவரு காஞ்சுதான் இருக்கு. அதுக்காகத் தொட்டி நல்லா இருக்குன்னு சொல்லிட முடியாது.”

அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப் போகவும் இல்லை. ஐந்தேகாலுக்கு வந்த குழாயில் 186. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது, மாவு மில்காரர்தான் நினைவுக்கு வந்தார். உடனே போன் பண்ணினேன், டாக்டர் திருப்பிப் படித்துக்காட்டும்வரை வைக்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஆஞ்சியோ. இதயத்தின் ஒரு ரத்தக்குழாய் ஏறக்குறைய முழுவதும் அடைத்திருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை வரும் ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்கியது. ட்ரோபோனின் 61. புதிதாக வந்த டியூட்டி டாக்டர் மாரடைப்பு என்று பதறிவிட்டார். கம்ப்யூட்டரில் பழைய ரிப்போர்ட்டைத் தேடினேன். நாலு மாசத்துக்கு முன்பு 58. மூன்று மணி நேரம் கழித்து 60. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பலருக்கு இந்த அளவு எப்போதுமே எல்லைக்கு மேலேதான் நிற்கும். அவர் இதயத்துக்கு அது நல்ல சேதி இல்லை. ஆனால் அன்றைக்குப் புதிதாக அடைப்பு எதுவும் இல்லை, நுரையீரலில் சேர்ந்த நீரால்தான் மூச்சு வாங்கியது. 61 என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்திருந்தால் அவருக்குத் தேவையில்லாத மருந்தெல்லாம் ஏறியிருக்கும்.

புற்றுநோய்க் குறிப்பான்கள் விஷயத்தில் எனக்கு வருத்தம் அதிகம். ஒரு நாள் மதியம் சாம்பிள் வாங்கும் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் உட்கார்ந்து நிலத்தரகருடன் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம், வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அவர் மனைவிக்கு முப்பத்தெட்டு வயது. வயிறு வீங்கி, உடம்பு மெலிந்து, சாயங்காலமானால் காய்ச்சல். வெளியே ஓர் இடத்தில் சினைப்பைப் புற்றுநோய்க் குறிப்பானான சிஏ-125 ரத்தத்தில் பார்த்து 640 என்று வந்திருந்தது. எல்லை 35. கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் சினைப்பைப் புற்றுநோய், முற்றிவிட்டது என்று அங்கேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சிஏ-125 என்ற குறிப்பானை 1981-ல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் கண்டுபிடித்தார்கள். சினைப்பைப் புற்றுநோய் என்று ஏற்கெனவே உறுதியானவருக்குச் சிகிச்சை பலிக்கிறதா, நோய் திரும்புகிறதா என்று தொடர்ந்து பார்க்க அது நல்ல கருவி. ஆனால் அந்தப் புரதத்தைப் புற்றுநோய் மட்டும் உண்டாக்குவதில்லை. வயிற்றின் உள்சவ்வு எதனால் புண்பட்டாலும் அது ஏறும். மாதவிடாயில் ஏறும், கர்ப்பத்தில் ஏறும், கர்ப்பப்பையின் உட்படலம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸில் ஏறும். காசநோய் வயிற்றுக்குள் வந்தால் நூற்றுக்கணக்கில் ஏறும். காசநோய் இவ்வளவு உள்ள நம் நாட்டில் இதை முதலில் நினைக்க வேண்டும்.

எங்கள் டாக்டர் அதை நினைத்தார். வயிற்று நீரை எடுத்து, காசநோயில் ஏறும் ஏடிஏ என்ற நொதியைப் பார்க்கச் சொன்னார். நான்தான் ஓட்டினேன். 78 வந்தது. 40-க்கு மேல் போனாலே காசநோயைச் சந்தேகிப்போம். லேப்ராஸ்கோப்பியில் சவ்வு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கடுகு போல முடிச்சுகள். பயாப்ஸியில் காசநோய் உறுதியானது. அரசு கொடுக்கும் இலவச மாத்திரை, ஆறு மாசம். இரண்டாம் மாசம் அவருடைய சிஏ-125 110. முடிவில் 18. நிலம் விற்கவில்லை. அடுத்த வருஷம் அந்த நிலத்தில் விளைந்த கடலையில் ஒரு பை எங்களுக்கு வந்தது.

அதனால்தான் முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் சிஏ-125, சிஇஏ என்று சேர்த்து விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சிஇஏ இன்னொரு புற்றுநோய்க் குறிப்பான், புகை பிடிப்பவர்களுக்கே சற்று ஏறியிருக்கும். பிரிட்டனில் 2001-ல் தொடங்கி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு வருஷா வருஷம் சிஏ-125 பார்த்தால் சினைப்பைப் புற்றுநோய்ச் சாவு குறையுமா என்பது கேள்வி. 2021-ல் முடிவு வந்தது. சிலருக்கு நோயைச் சற்று முன்னதாகக் கண்டுபிடிக்க முடிந்தது. சாவு குறையவில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணின் கையில் 48 என்று அச்சடித்துக் கொடுத்தால் அவர் எத்தனை ராத்திரி தூங்கமாட்டார் என்பதை நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், போன தூக்கத்தை யார் கொடுப்பது?

யாரும் கேட்டு வாங்காத, விலை குறைந்த ஒரு டெஸ்ட் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் வருஷத்துக்கு ஒரு முறை கட்டாயம் பார்க்க வேண்டியது: சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுக்கும் உள்ள விகிதம். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும்போது பெரும்பாலும் சிறுநீரகம் பாதி வேலையை இழந்திருக்கும். ஆல்புமின் அதற்குப் பல வருஷம் முன்பே துளித்துளியாகச் சிறுநீரில் ஒழுக ஆரம்பித்துவிடும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் மாத்திரையாலும் பிரஷர் கட்டுப்பாட்டாலும் நோயின் வேகத்தைக் குறைக்க முடியும். இதிலும் ஒரு முறை பார்த்து முடிவு சொல்லக் கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி என எதனாலும் ஏறலாம். மூன்றிலிருந்து ஆறு மாசத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டு முறையாவது ஏறியிருந்தால்தான் நம்புவோம். “சிறுநீர் நல்லாத்தான் போகுது, அதெல்லாம் எதுக்கு” என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன சிலர் பிற்பாடு டயாலிசிஸ் வார்டில் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். அப்போது என்ன பேசுவது என்று எனக்குத் தெரிவதில்லை.

இத்தனை வருஷத்தில் மனசுக்கு நெருக்கமான வேலை எது என்று கேட்டால், பச்சைக் குழந்தைகளின் குதிகாலில் குத்தி வடிதாளில் நனைத்து எடுக்கும் அந்த ரத்தத்துளிகள்தான். தைராய்டு சுரக்காமல் பிறக்கும் குழந்தை பார்ப்பதற்கு மற்றக் குழந்தைகளைப் போலவே இருக்கும். அம்மாவின் ஹார்மோன் கொஞ்சம் வந்திருப்பதால் முதல் வாரங்களில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தெரிவதற்குள் மூளை வளர்ச்சி கெட்டுவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் மாத்திரையை ஆரம்பித்துவிட்டால் குழந்தை எல்லாரையும் போல வளரும். இந்தியா முழுக்க எல்லாப் பிரசவத்துக்கும் இது கட்டாயம் என்ற நிலை இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன்.

அந்தத் துளியில் நாங்கள் பார்ப்பது டிஎஸ்எச், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரக்காவிட்டால் அது ஏறும். ஆனால் பிறந்தவுடனே எல்லாக் குழந்தைக்கும் டிஎஸ்எச் தானாக எகிறும், அப்புறம்தான் இறங்கும். அதனால் 48 மணி நேரம் கழித்து எடுப்பதுதான் வழக்கம். ஒரு பெண் குழந்தைக்கு மூன்றாம் நாள் எடுத்தும் அளவு மிக அதிகமாக வந்தது. வடிதாளில் வந்ததைக் கைநரம்பில் ரத்தம் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போய்விட்டார்கள். அப்பாவின் போன் ஸ்விட்ச் ஆஃப். கிராம நர்ஸின் நம்பரைப் பிடித்துச் சொன்னேன், அவர் ஸ்கூட்டியில் வீட்டுக்கே போய் போனைக் குழந்தையின் பாட்டியிடம் கொடுத்தார்.

“பிள்ள நல்லாத்தாம்மா பால் குடிக்குது, அழுவாமத் தூங்குது. தீட்டுக்கூடக் கழியல. இதுக்கு மேல என்ன டெஸ்ட்டு?”

“அழுவாமத் தூங்குறதுதாம்மா எனக்குப் பயமா இருக்கு,” என்றேன்.

ஒன்பதாம் நாள் வந்தார்கள். ரத்தத்தில் டிஎஸ்எச் 100-க்கு மேல், தைராக்ஸின் இருக்க வேண்டியதில் கால் பங்குகூட இல்லை. அன்று சாயங்காலமே மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலக்கிப் புகட்டச் சொல்லிக்கொடுத்தார் டாக்டர். இரண்டு வாரம் கழித்து நான் ஜன்னலில் நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் பாட்டி நின்றிருந்தார். தோளில் குழந்தை, வீல் வீலென்று ஒரே அழுகை.

“இன்னொரு முறை ரத்தம் எடுக்கணும்னு சொன்னீங்களாமே,” என்று குழந்தையின் கையைத் தானே நீட்டிப் பிடித்தார்.