செப்புத் தண்ணியில் பயறு: ஆறாவது சுற்றில்தான் வேர் நீண்டது

இன்று காலமை பெட்டி மூடியைத் திறந்ததும் முதலில் பார்த்தது வேர் நுனியின் நிறத்தைத்தான். நாலாம் நாள், செப்புக் கரைசலுக்குள், நுனி இன்னும் வெள்ளை. முந்தின சுற்றுகளில் மண்ணிறமாகிக் கட்டையாகச் சுருண்ட வேரையே அளந்துகொண்டிருந்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க முடியவில்லை.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: மட்டக்களப்புக் களுதாவளையில் எங்கள் வளவின் பின்பக்கம் முந்தி வெற்றிலைத் தோட்டம். அப்பா துரிசும் (செப்புச் சல்பேற்று) சுண்ணாம்பும் கலந்து, பூஞ்சண நோய்க்குப் போர்டோக் கலவையாக வருசக்கணக்கில் அடித்தவர். செப்பு, மற்ற மருந்துகள் மாதிரிச் சிதைந்து போகிற சாமான் இல்லை, மேல்மண்ணிலேயே கிடக்கும். கடற்கரை மணலில் உக்கல் (உக்கின இலைகுழை) குறைவு என்றபடியால் அதைக் கட்டிப் பிடித்து வைக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பாத்தியில் பயறு முளைக்கிறது, பிறகு வளராமல் நின்றுவிடுகிறது. மண்ணைத் திருத்த நாள் எடுக்கும். அதுவரைக்கும் விதையையாவது ஊறவைத்து உலர்த்தித் தயார்ப்படுத்தி அனுப்புவோம் என்றுதான் இதைத் தொடங்கினேன்; அந்த விதையைச் செப்புக் கரைசலில் முளைக்க விட்டு வேரை அளக்கிறேன்.

முதல் சுற்று கிணற்றுத் தண்ணியால் வீணானது. எங்கள் தண்ணி கடினம். துரிசு விட்டதும் வெளிர்நீலமாகக் கலங்கி அடியில் படிந்தது. செப்பு படிந்து போனால் வேருக்கு என்ன சோதனை? தண்ணியில் உள்ள கல்சியமும் வேரின் மேற்பரப்பில் செப்போடு போட்டி போட்டு வேரைக் காக்கும். அதற்குப் பிறகு எல்லாமே பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணிதான். லீற்றருக்கு 3.93 கிராம் துரிசு போட்டால் 1000 மில்லிகிராம் செப்பு. அதில் 40 மில்லிலீற்றர் எடுத்து ஒரு லீற்றராக்கினால் நான் பாவிக்கிற 40 மில்லிகிராம் கரைசல். விதையை ஊறப்போடச் சலிசிலிக் அமிலம் லீற்றருக்கு 69 மில்லிகிராம் வேணும். என் நகைத் தராசு அவ்வளவு நுணுக்கமாகக் காட்டாது. ஆகவே 0.69 கிராமைச் சுடுதண்ணியில் ஒரு லீற்றராகக் கரைத்து, பத்து மடங்கு ஐதாக்குகிறேன். பச்சைத்தண்ணியில் அது சட்டென்று கரையாமல் மிதக்கும்.

இனி என்னை இரண்டு மாதம் அலைக்கழித்த விசயம்: ஊறின விதையை உலர்த்துவது.

ஊறப் போடுவதை எல்லாரும் சொல்கிறார்கள். ஊறினதைப் பழைய நிறைக்குத் திருப்பிக் கொண்டுவருவதை ஒரு வரியில் கடந்து போகிறார்கள். பயறுக்கு அங்கேதான் உயிரும் சாவும். என் 100 விதை 6.1 கிராம். ஆறு மணித்தியாலம் ஊறினால் 11 கிராமைத் தாண்டும். இரண்டாம் சுற்றில் சீமெந்துத் தரையில் வெயிலில் பரப்பினேன். கச்சான் என்கிற காய்ந்த சுடுகாற்று அடிக்கிற நாள், இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்தது. கண்ணாடியை வைத்துப் பார்த்தால் தோல் நெடுக்காக வெடித்து, உள்ளே பருப்பும் குறுக்கே கீறியிருந்தது. அந்த விதை வெறும் தண்ணியிலேயே ஊறாத விதையிடம் தோற்றது. மூன்றாம் சுற்றில் பன்னிரண்டு மணித்தியாலம் ஊறவிட்டேன். வேர் மூக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டது. மூக்கு வந்த பிறகு பயறு உலர்த்தலைத் தாங்காது. நாலாவது மின்விசிறிக்குக் கீழே, தோல் சுருங்கிப் பாதி வெடிப்பு. ஐந்தாவது பயத்தில் மூடி வைத்தேன், இரவுக்குள் வழுவழுத்துப் புளித்த மணம்.

அம்மாதான் சொன்னா: "வெயிலும் வேணாம், மூடியும் வேணாம் புள்ள. பாயில கொஞ்சம் ஆறவிட்டுட்டு தயிர்ச் சட்டிக்க போட்டு வை."

பாவிக்காத புது மண்சட்டி ஒன்று எடுத்தேன்; பாவித்த சட்டியில் நெய்ப்பிடிப்பு இருக்கும். மத்தியானம் ஊறப் போட்டு, பின்னேரம் ஆறு மணிக்குக் கச்சான் அடங்கினதும் வடித்து, வீட்டுக்குள் பன்பாயில் ஒற்றைப் படையாகப் பரப்பினேன். ஒன்பது மணிக்கு 8 கிராம். பிறகு சட்டிக்குள் போட்டு, வாயில் மெல்லிய சீலை கட்டி, இடையில் இரண்டு தரம் எழும்பிக் கிளறினேன். காலமை 6.3 கிராம். ஒரு தோல் கூட வெடிக்கவில்லை. சட்டியின் அடியைத் தொட்டால் குளிர்ந்திருந்தது, ஈரத்தை மண் குடித்திருக்கிறது.

நாலாம் நாள் சராசரி, ஒவ்வொன்றிலும் 75 விதை. செப்பில்லாத தண்ணியில் ஊறாத விதையின் வேர் 6.2 சென்ரிமீற்றர். செப்புக் கரைசலில் அதே ஊறாத விதை 1.4. வெறும் தண்ணியில் ஊறி உலர்ந்தது 2.1. சலிசிலிக் அமிலத்தில் ஊறி உலர்ந்தது 2.9. அதாவது கிடைத்த நன்மையில் பாதிக்குக் கிட்டத் தண்ணியும் சட்டியும் தந்தது. வெறும் தண்ணி வரிசை வைக்காமல் மருந்தைப் புகழ்கிறவர்கள் இதைக் கவனிக்க வேணும். இன்னொன்று, முளைத்த விதையை மட்டும் எண்ணி முடிவு சொல்லாதீர்கள். எனக்கு நாலு வரிசையிலும் முளைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். விதைத்தோல் செப்பைப் பெரும்பாலும் வெளியே நிறுத்திவிடும். தோலைக் கிழித்து வெளியே வருகிற வேர் நுனிக்குத்தான் அடி.

விதை பற்றி ஒரு சொல். நகரில் ஒரு கடையில் விதைப்பயறு என்று வாங்கினது சமையல் பயறு. நூறில் அறுபது கூட முளைக்கவில்லை, இரண்டு கிழமை போனது. இப்போது வெல்லாவெளிப் பக்கம் ஒரு விவசாயியிடம் எம்.ஐ. 6 என்ற பயற்று இனம் எடுக்கிறேன், நம்பலாம்.

மிச்சக் கரைசலை வாவிப் பக்கமோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள், மீனுக்குச் செப்பு நஞ்சு. நான் சுண்ணாம்பு போட்டுப் படியவிட்டு, படிவை வேறு போத்தலில் சேர்க்கிறேன். முளையையும் ஒருவரும் சாப்பிடக் கூடாது.

பக்கவேர் இன்னும் எண்ணவில்லை, அது ஆறாம் நாள் வேலை. அதற்குள் சம்மாந்துறை ஆலையிலிருந்து ஒரு மூட்டை உமி வந்து இறங்கிவிட்டது. செப்பைப் பிடித்து வைக்குமா என்று பார்க்க, அதைக் கருக்கி, பின்பாத்தி மண்ணோடு கலந்து சாடியில் போட்டு இதே விதையை நடப்போகிறேன். மண்ணை ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கவும் ஒரு பை கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த நூறு விதை மத்தியானம் ஊறப் போட்டாயிற்று, ஆறு மணிக்கு வடிக்க வேணும்.