டர்ன் ஓவர் எ நியூ லீஃப்: வாழ்த்துல போட்டா வம்பு

இங்கிலீஷ்ல மாற்றத்தைப் பத்தி எவ்வளவோ இடியம் இருக்கு, ஆனா நம்ம ஆளுங்களுக்கு 'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' மேல மட்டும் தனி பாசம். ஜனவரி ஒண்ணாம் தேதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், கல்யாண வாழ்த்து, புது கம்பெனில சேந்தவன் போடுற போஸ்ட், எங்க பாத்தாலும் இது வந்து உக்காந்திருக்கும். கேக்க நல்லா இருக்கு, போட்டுடறாங்க, ஆனா பாதி எடத்துல அது வாழ்த்தே இல்ல, நாசூக்கா திட்டுறது.

ஏன்னா இதுக்கு அர்த்தம் புதுசா ஒண்ணை ஆரம்பிக்கிறது இல்ல, திருந்துறது. 'திருந்திட்டான்'னு தமிழ்ல யாரைச் சொல்லுவோம்? குடிச்சுட்டு திரிஞ்சவனை, வட்டிக்கு வாங்கி சீட்டாடினவனை, பரீட்சைக்கு மொத நாள் வரைக்கும் புக்கைத் தொடாதவனை. ஒழுங்கா இருக்கிறவனைப் பாத்து 'திருந்திட்டியாமே, சந்தோஷம்'னு சொன்னா அவன் மூஞ்சி எப்படிப் போகும்? அதேதான் இங்கயும். முன்னாடி ஏதோ கோணல் இருந்துச்சுன்னு சொல்லாமலே சொல்லிடும்.

நான் முன்னாடி வேலை பாத்த ஆபீஸ்ல ஒரு மேனேஜர் ரிட்டையர் ஆனார். ரொம்ப கறாரான ஆள், வெளியாள் வாங்கிக் குடுத்தா ஒரு டீ கூடக் குடிக்க மாட்டார். ஃபேர்வெல்லுக்குப் பெரிய கார்டு ஒண்ணு வாங்கி டேபிள் டேபிளா சுத்த விட்டாங்க, புதுசா சேந்த பையன் ஒருத்தன் அழகான கையெழுத்துல 'ஆல் தி பெஸ்ட் சார், ஆஸ் யூ டர்ன் ஓவர் எ நியூ லீஃப்'னு எழுதி கீழ ஒரு ஸ்மைலி வேற போட்டுட்டான். அதாவது, ரிட்டையர் ஆனதுக்கு அப்புறமாவது ஒழுங்கா இருங்க சார்னு. அவர் ஒவ்வொரு வரியா படிச்சுட்டே வந்தவர் அந்த எடத்துல நின்னு, கண்ணாடியைக் கழட்டிட்டு, "ஏம்ப்பா, நான் அப்படி என்னப்பா தப்பு பண்ணேன்?"னு கேட்டார். நல்ல வேளை, அவரே சிரிச்சுட்டார். அந்தப் பையனுக்குக் கடைசி வரைக்கும் யாரும் வெளக்கவே இல்ல, அவனும் எல்லார் கூடவும் சேந்து சிரிச்சுட்டு கேக் சாப்பிடப் போயிட்டான்.

சரி, லீஃபுக்கு வருவோம். சாயங்காலம் எங்க தெருவுல பேங்க் எக்ஸாம், எஸ்எஸ்சினு படிக்கிற பசங்களுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லித் தரேன், அதுல ஒருத்தன் இதை சாப்பிட்டு முடிச்சு இலையை மடிக்கிறதோட சேத்து ஞாபகம் வச்சிருந்தான், ஒரு பந்தி முடிஞ்சுது அடுத்த பந்தி ஆரம்பம்னு. கற்பனை பிரமாதம், ஆனா இது மரத்து இலையும் இல்ல வாழை இலையும் இல்ல, புஸ்தகத்தோட தாள். பேங்க்ல செக் புக் கேட்டா 25 லீஃபா 50 லீஃபான்னு கேப்பாங்கல்ல, அந்த லீஃப். கொஸ்டின் பேப்பர் அடியில பி.டி.ஓ.ன்னு போட்டிருக்கும்ல, ப்ளீஸ் டர்ன் ஓவர், அந்த டர்ன் ஓவர். ரெண்டையும் ஒட்டினா இடியம் வந்துருச்சு. அடிச்சுத் திருத்தி அலங்கோலமா கெடக்கிற பக்கத்தைப் புரட்டிட்டு, வெள்ளைத் தாள்ல மறுபடி எழுத ஒக்காருறது. 16ம் நூற்றாண்டுலயே இங்கிலீஷ்காரங்க இப்படி எழுதிட்டு இருந்திருக்காங்க. நமக்கும் இது ஒண்ணும் தூரம் இல்ல, நம்ம ஏடு பனை ஓலைல இருந்து வந்ததுதானே.

எழுதும்போது எங்க சறுக்குதுன்னா, மொதல்ல அந்த 'ஓவர்' காணாமப் போயிடும். நம்ம ஊர் இங்கிலீஷ் பேப்பர்லயே 'டர்ன் எ நியூ லீஃப்'னு வரும், படிச்சா புரியும், ஆனா டிக்‌ஷனரில நிக்கிறது ஓவரோடதான், எக்ஸாம் எழுதுறவங்க அதை விட்டுடாதீங்க. நாலு பேர் சேந்து திருந்தினாலும் லீஃப் ஒண்ணுதான், 'தே ஹேவ் டர்ன்ட் ஓவர் எ நியூ லீஃப்', அதை லீவ்ஸ் ஆக்க வேணாம். அப்புறம் முக்கியமா, இது ஒருத்தரை இன்னொருத்தர் பண்ண வைக்கிற வேலை இல்ல, அவங்கவங்களே பண்ணிக்கிறது. 'தி ஹாஸ்டல் டர்ன்ட் ஹிம் ஓவர் எ நியூ லீஃப்'னு ஒரு பொண்ணு எழுதிக் கொண்டு வந்தா, படிச்சா ஹாஸ்டல்காரங்க அவனைத் தூக்கிப் பொரட்டிப் போட்ட மாதிரி இருக்கு. நடுவுல ஹெல்ப்டைச் சேத்து 'ஹெல்ப்ட் ஹிம் டர்ன் ஓவர் எ நியூ லீஃப்'னு எழுதினா தீந்துச்சு. மழை, வெயில், பைக், மொபைல் இதெல்லாம் திருந்தாது, அதுக்குப் போடாதீங்க, காமெடிக்குன்னா சரி. கம்பெனி, கட்சி, அரசாங்கம் ஓகே, உள்ள மனுஷங்க இருக்காங்கல்ல.

இதுக்கு முன்னாடி வர்ற வெர்ப்பைக் கவனிச்சா பாதி வேலை முடிஞ்சுரும். ப்ராமிஸ்ட் டு, டிசைடட் டு, ட்ரையிங் டு, இப்படித்தான் பெரும்பாலும் வரும், ஏன்னா திருந்துறதுன்னா பாதி சத்தியம், பாதி முயற்சி. இல்லன்னா சின்ஸ் போட்டு காரணத்தைச் சொல்லலாம்: 'ஹி ஹாஸ் டர்ன்ட் ஓவர் எ நியூ லீஃப் சின்ஸ் ஹிஸ் டாட்டர் வாஸ் பார்ன்.' பொண்ணு பொறந்ததுல இருந்து ஆளே மாறிட்டான்.

பசங்களுக்கு 'சேஞ்ச் ஆஃப் ஹார்ட்'டும் இதுவும் ஒண்ணாத் தெரியுது. இதுக்கு நான் அசோகரைத்தான் இழுப்பேன். கலிங்கப் போர் முடிஞ்சு அவரே கல்லுல வெட்டி வச்ச 13வது பாறைக் கல்வெட்டுல, 1,50,000 பேரை நாடு கடத்தினாங்க, 1,00,000 பேர் செத்தாங்கன்னு கணக்கு சொல்லி வருத்தப்படுறாரு. அந்த வருத்தம், மனசு மாறினது, அது 'ஹி ஹேட் எ சேஞ்ச் ஆஃப் ஹார்ட்'. அதுக்கப்புறம் படையெடுப்பை விட்டுட்டு தர்மம்னு கெளம்பினது 'ஹி டர்ன்ட் ஓவர் எ நியூ லீஃப்'. ஒண்ணு உள்ளுக்குள்ள நடக்கிறது, இன்னொண்ணு நடத்தைல தெரியறது. மனசு மாறி நடத்தை மாறாதவங்க ஊர்ல நெறைய பேர். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அதே கல்வெட்டுல காட்டுவாசிகளைப் பாத்து, நான் வருத்தப்படுறேன்தான் ஆனா என் கைல பலம் இருக்கு, ஜாக்கிரதைங்கிற மாதிரி ஒரு மெரட்டலும் இருக்கு. போதாக்குறைக்கு இந்த வருத்தக் கல்வெட்டை கலிங்கத்துல வெட்டவே இல்ல, அங்க இருக்கிற தௌலிலயும் ஜௌகடாலயும் அதுக்குப் பதிலா வேற கல்வெட்டுங்கதான் இருக்கு. முழுசா திருந்தினாரான்னு ஒரு சந்தேகம் எனக்கு உண்டு.

இப்படி சந்தேகப்படுறவங்களுக்கும் இங்கிலீஷ்ல இடியம் இருக்கு, 'எ லெப்பர்ட் கான்ட் சேஞ்ச் இட்ஸ் ஸ்பாட்ஸ்', பைபிள்ல எரேமியா 13:23ல இருந்து வந்தது. நம்ம நாய் வாலை நிமிர்த்துற கதைதான். ஒருத்தர் நியூ லீஃப்னு சொன்னா இன்னொருத்தர் லெப்பர்ட்னு பதில் சொல்ற மாதிரி ரெண்டு வரி எழுதச் சொன்னேன், அன்னிக்குதான் கிளாஸ் களை கட்டுச்சு.

இருக்கிறதுலயே ஆபத்தான எடம் வேலைக்குப் போடுற கவர் லெட்டர். 'ஐ வான்ட் டு டர்ன் ஓவர் எ நியூ லீஃப் இன் யுவர் கம்பெனி'னு எழுதினா, படிக்கிற ஹெச்ஆருக்கு ஒடனே என்ன தோணும்? பழைய கம்பெனில இவன் என்னத்தப் பண்ணிட்டு வந்திருக்கான்னுதான். அங்க 'ஸ்டார்ட் எ நியூ சாப்டர்'னு போடுங்க, பழசு மேல எந்தக் கறையும் ஒட்டாது. கல்யாணம், வீடு கிரகப்பிரவேசம், வெளிநாடு போறது எல்லாத்துக்கும் அதுவே போதும். கல்யாணப் பையனை நெஜமாவே ஓட்டணும்னா மட்டும் நியூ லீஃப் போடலாம், ஆனா பொண்ணு வீட்டுக்காரங்க படிக்காம பாத்துக்கோங்க.

டென்ஸ் பத்தி ஒண்ணு பாக்கி. திருந்துறது தெனம் நடக்கிற காரியம் இல்ல, அதனால 'எவ்ரி டே', 'ஆல்வேஸ்' எல்லாம் இது கூட ஒட்டாதுன்னு கிளாஸ்ல சொல்லிட்டு இருந்தேன். பின்னாடி உக்காந்திருந்த பொண்ணு கையைத் தூக்கி, "அக்கா, எங்கப்பா திங்கக்கெழமை திங்கக்கெழமை சிகரெட்டை விடுறாரு, நான் எப்படி எழுதுறது?"ன்னா. 'மை ஃபாதர் டர்ன்ஸ் ஓவர் எ நியூ லீஃப் எவ்ரி மண்டே'னு எழுதச் சொல்லி ஃபுல் மார்க் போட்டேன்.