இன்ச் டேப்பும் இருபத்துநாலு பேரும்

ஜனவரி 19, 2025, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு கோவை ஆர்.எஸ்.புரத்தில் டாக்டரம்மா வீட்டு போர்டிகோவில் இருபத்துநாலு ஆண்கள் வரிசை கட்டி நின்றோம். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், எல்லோருக்கும் தொப்பை. ரேஸ் கோர்ஸில் தினம் பார்க்கிற முகங்கள்தான். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் நடை, ராத்திரி சாப்பாடு எட்டு மணிக்குள், ஞாயிறு காலை எடை. டாக்டரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், காசு வாங்குவதில்லை. நோட்டு எழுதும் வேலை என் தலையில். ஆடிட்டர் ஆபீஸில் இருபத்தாறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் என்பதால் என்னை "ஆடிட்டரே" என்றுதான் கூப்பிடுகிறார். கிளார்க் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

என் கணக்கு: உயரம் 168 செ.மீ., எடை 84.6 கிலோ, பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வரும் எண்) 30. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-லிருந்து உடல்பருமன் என்கிறார் டாக்டரம்மா. அப்படியானால் நான் எல்லையைத் தாண்டி ரொம்ப தூரம் வந்துவிட்டேன்.

இடுப்புச் சுற்றளவு எடுத்தவர் எங்கள் குழுவிலேயே இருக்கும் டெய்லர் அண்ணன். முதல் ஆளிலேயே தகராறு. அவர் பெல்ட் போடும் இடத்தில் டேப்பைச் சுற்றினார். டாக்டரம்மா, "அங்க இல்லைங்க, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல்முனைக்கும் நடுவுல" என்றார். டெய்லர் அண்ணன் சிரித்துவிட்டார். "அம்மா, நாப்பது வயசுக்கு மேல எந்த ஆம்பளையும் பேண்ட்டை அங்க போடறதில்லைங்க. தொப்பை பெருசாக ஆக பெல்ட் கீழ எறங்கிரும். இருவது வருஷமா சைஸ் 34-ங்கற ஆளுக்கு நடு வயித்துல அளந்தா நாப்பத்தொண்ணு இருக்கும்."

அளந்தோம். எனக்கும் பேண்ட் சைஸ் 34. டேப் 102 செ.மீ. காட்டியது, அதாவது நாற்பது அங்குலம். இந்திய ஆண்களுக்கு 90-க்கு மேல் போனால் சர்க்கரை, இதய நோய் பற்றிக் கவலைப்பட வேண்டும். இத்தனை வருஷமாக என் பேண்ட் என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஜனவரி 20

நேற்று எழுத விட்டுப்போனது. டேப் வைத்ததும் எல்லோரும் வயிற்றை எக்கினார்கள். நானும்தான். டெய்லர் அண்ணனிடம் அதற்கொரு வித்தை இருக்கிறது. டேப்பைச் சுற்றியபடி, "நேத்து ராத்திரி என்னங்ணா சாப்பாடு?" என்று கேட்பார். பதில் சொல்ல வாய் திறந்தால் மூச்சு வெளியே வந்துவிடும், வயிறு தானாக இளகும். சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும் தறுவாயில்தான் அளக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் முறையே சொல்கிறதாம். அண்ணன் அதைப் படித்தவரில்லை.

ஜனவரி 22

எடை மெஷின் சரியா என்று சந்தேகம். லேத்து பட்டறை வைத்திருக்கும் குழுக்காரர் ஒருவர், "மொதல்ல அளக்கற சாமானை அளந்து பாருங்க" என்று சொல்லியிருந்தார். வீட்டில் பிரிக்காத அரிசி மூட்டை இருந்தது. 26 கிலோ. (2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரைக்கும் பேக் செய்த அரிசிக்கு ஜி.எஸ்.டி. என்றதும் மூட்டைகள் ஒரு கிலோ பெருத்த கதை என் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.) மெஷினில் ஏற்றினேன்: 26.1. சாக்கின் எடையைக் கழித்தால் சரியாகத்தான் இருக்கிறது. அதையே மெத்தென்ற மிதியடி மேல் வைத்துப் பார்த்தால் 24.8. ஆக, மெஷின் இனி டாக்டரம்மா வீட்டு மொசைக் தரையில் ஒரே மூலையில்தான். பாக்கெட்டில் செல்போன், சாவிக்கொத்து, பர்ஸ் கூடாது.

ஜனவரி 26

முதல் வாரம். எனக்கு 1.9 கிலோ குறைவு! வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லி, இரண்டாவது தோசைக்கு அனுமதி கேட்கலாம் என்றிருந்தேன். டாக்டரம்மா ஊசியால் பலூனைக் குத்தினார். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம். சோற்றைக் குறைத்ததும் முதலில் வெளியேறுவது அதுதான். "கொழுப்பு இவ்வளவு சீக்கிரம் வீட்டைக் காலி பண்ணாதுங்க ஆடிட்டரே."

இன்னொன்று நானாகவே கண்டுபிடித்தது. நாங்கள் ஆரம்ப எடை எடுத்தது பொங்கல் முடிந்த ஞாயிறு. சர்க்கரைப் பொங்கல், வடை, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கறிச்சோறு எல்லாம் முடித்துவிட்டு ஏறினால் எந்த ஆளுக்கும் அடுத்த வாரம் குறையத்தான் செய்யும். இதைச் சோதிக்க ஓர் ஆள் கைவசம் இருக்கிறார். மச்சான் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். என் வயசு, என் தொப்பை, குழுவில் சேரச் சொன்னால் மாட்டேன் என்றவர். அவரையும் இதே இரண்டு ஞாயிறும் மெஷினில் ஏற்றியிருந்தேன். ஒன்றுமே செய்யாமல் 0.8 கிலோ குறைந்திருக்கிறார். "பாத்தீங்களா மாப்ள, நடக்காமயே" என்று நாள் முழுக்கப் பேச்சு.

பிப்ரவரி 2

மச்சான் கதையைச் சொன்னதும் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். ஸ்காட்லாந்தில் எடை குறைப்பு வகுப்பு என்றால் ஆண்கள் எட்டிப் பார்க்க மாட்டார்களாம். அதனால் கால்பந்து கிளப்புகளின் மைதானத்துக்கே வகுப்பைக் கொண்டுபோனார்கள். பெயர் 'ஃபுட்பால் ஃபேன்ஸ் இன் டிரெயினிங்'. 13 கிளப்புகள், 35 முதல் 65 வயது வரை 747 ஆண்கள், வாரம் ஒன்று என்று 12 வகுப்பு. எனக்குப் பிடித்தது அதன் கணக்கு முறைதான். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை உடனே சேர்த்துக்கொண்டு, இன்னொரு பாதியை ஒரு வருஷம் காத்திருக்கச் சொன்னார்கள். வருஷக் கடைசியில் சேர்ந்தவர்களுக்குச் சராசரி 5.56 கிலோ குறைவு. காத்திருந்தவர்களுக்கும் 0.58 கிலோ குறைந்திருந்தது. அந்த 0.58-ஐப் பார்த்ததும் மச்சான் ஞாபகம்தான் வந்தது. அதையும் கழித்து, பிற சரிக்கட்டல்களும் செய்து, 4.94 கிலோதான் திட்டத்தின் பலன் என்று 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். வரவில் சேராததை வரவில் காட்டாத ஆட்கள்.

பிப்ரவரி 9

ஐந்து பேர் வரவில்லை. இருவர் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை. மற்ற மூவர் பற்றித் தகவல் இல்லை.

பிப்ரவரி 16

பழனிக்கு நடந்துபோனவர்களில் ஒருவர் ஒரு கிலோ ஏறி வந்திருக்கிறார். முகம் வாடிவிட்டது. அவ்வளவு தூரம் நடந்ததில் கால் இன்னும் வீக்கம், வீக்கத்தில் நீர், வழியெல்லாம் அன்னதானம். டாக்டரம்மா கணுக்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது எடை இல்லைங்க, அடுத்த வாரம் பாருங்க" என்றார். நோட்டில் ஏறியதை ஏறினதாகத்தான் எழுதினேன். பக்கத்தில் 'பழனி' என்று சின்னதாக.

மார்ச் 2

இன்று பெரிய கூத்து. ஆறாவது வாரம், இரண்டாவது முறை இடுப்பு அளவு. எடை எல்லோருக்கும் இறங்கியிருக்கிறது, டேப்போ நகரவே இல்லை. நாலு பேருக்கு அரை சென்டிமீட்டர் கூடியே இருந்தது. "எடை கொறஞ்சு தொப்பை கூடுமாங்க?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். எனக்கு 3.1 கிலோ குறைந்தும் 102 இருந்தது 101 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. டேப்பின் நிறம். ஜனவரியில் மஞ்சள், இன்று வெள்ளை. டெய்லர் அண்ணனுக்கு போன் போட்டேன். "ஆமாங்க தம்பி, அதுல முனைத் தகடு பிஞ்சு போச்சு. புதுசு வாங்கினேன்." பழையது? "இருக்குதுங்க, மெஷின் டிராயர்ல."

மார்ச் 3

ஆபீஸ் போகிற வழியில் பழைய டேப்பை வாங்கிக்கொண்டு லேத்து பட்டறைக்குப் போனேன். ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேலுக்குப் பக்கத்தில் விரித்து, பிய்ந்த முனையைத் தவிர்க்க பத்தாவது சென்டிமீட்டர் கோட்டிலிருந்து பார்த்தோம். வருஷக்கணக்காக இழுபட்ட டேப் நீண்டு போயிருக்கிறது: அது 100 என்று சொல்லும் இடத்தில் உண்மையில் 101.2. நீண்ட டேப் தொப்பையைக் குறைத்துக் காட்டும். ஜனவரியில் எல்லோருடைய தொப்பையையும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மறைத்துவிட்டது. என் 102 என்பது 103.2. இருபத்துநாலு பேர் கணக்கையும் சிவப்பு மையில் திருத்தினேன். பழைய எண்ணை அடிக்கவில்லை, தெரியும்படி விட்டிருக்கிறேன்.

டெய்லர் அண்ணன் குரல் மட்டும் கம்மிவிட்டது. "அப்படின்னா இத்தனை வருஷம் நான் தெச்ச பேண்டெல்லாம்?" அதே டேப்பில்தானே துணியையும் வெட்டினீங்க, பொருந்தியிருக்கும் என்றேன்.

மார்ச் 16

வருமான வரி சீசன். நான் இரண்டு நாள்தான் நடந்தேன். 0.3 ஏற்றம்.

டாக்டரம்மா ஒரு படம் காட்டினார், 2004-இல் லான்செட்டில் வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. லண்டன்காரருக்கு உடலில் கொழுப்பு 9.1 சதம், புனேக்காரருக்கு 21.2 சதம். நம் ஊர் உடம்புக்கு எடையை மட்டும் நம்பக்கூடாது என்பதற்குத்தான் இந்த டேப் எல்லாம். கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷினை ஒருவர் ஆன்லைனில் வாங்கி வந்திருந்தார். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் வேறு எண் சொல்கிறது. அது சீக்கிரமே அவர் வீட்டுப் பரணுக்குப் போய்விடும்.

ஏப்ரல் 13

பன்னிரண்டாவது வாரம். வந்தவர்கள் பதினைந்து பேர். மொத்தம் குறைந்தது 61.5 கிலோ, ஆளுக்குச் சராசரி 4.1. நான் 79.9-க்கு வந்திருக்கிறேன், இடுப்பு 98. கைதட்டல், கொய்யாப்பழம், போட்டோ.

பிறகு ஒருவர், நாளைக்குச் சித்திரை ஒண்ணு, ரேஸ் கோர்ஸ் வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்றார்: '12 வாரம், சராசரி 4.1 கிலோ'. நான் ஒத்துக்கொள்ளவில்லை. சேர்ந்தது இருபத்துநாலு பேர். ஒன்பது பேர் எங்கே? வராத ஒன்பது பேருக்கும் பூஜ்யம் என்று வைத்தால் சராசரி 2.6-க்கு இறங்கிவிடும். வாராக்கடனைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு லாபம் காட்டுகிற பேலன்ஸ் ஷீட்டை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஸ்காட்லாந்தில் திட்டத்தில் சேர்ந்த 374 பேரில் 333 பேரை ஒரு வருஷம் கழித்தும் பிடித்து அளந்திருக்கிறார்கள். நமக்கு மூன்று மாதத்தில் ஒன்பது பேரைக் காணோம்.

"வராதவங்களைப் போய்த் தூக்கிட்டா வர முடியும்?" என்று அவர் கேட்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மெஷினைத் தூக்கிக்கொண்டு போகலாமே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 27

இரண்டு வாரமாக ஸ்கூட்டர் முன்பக்கம் எடை மெஷின், பையில் வெள்ளை டேப். வடவள்ளி, சிங்காநல்லூர், துடியலூர். ஏழு பேரைப் பிடித்துவிட்டேன். எல்லோரும் எடை ஏறித்தான் நின்றிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. ஒருவர் 2.8 கிலோ குறைந்திருக்கிறார். ஷிப்ட் மாறியதால் வரமுடியவில்லையாம், மில்லுக்குள்ளேயே நடக்கிறார். இன்னொருவருக்கு முழங்கால் வலி, ஒன்றரை கிலோ கூடியிருந்தது. கூடியதை நான் எழுதுவதை அவர் சம்சாரம் எட்டிப் பார்க்க, அவர் நோட்டைக் கையால் மறைத்தார். மற்றவர்கள் கொஞ்சம் முன்னே பின்னே. ஏழு பேருக்கும் சேர்த்து 2 கிலோதான் குறைவு.

ஒருவர் மகன் வீட்டோடு ஓசூர் போய்விட்டார். ஒன்பதாமவர் கேட்டைத் திறக்கவே இல்லை. "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அந்த மெஷினைப் பாத்தாலே எனக்கு எக்ஸாம் ஹால் மாதிரி இருக்குது. போயிட்டு வாங்க." சரி என்று வந்துவிட்டேன்.

நோட்டில் எழுதியது: அளந்தவர் 22, மொத்தக் குறைவு 63.5 கிலோ, சராசரி 2.9. அளக்காதவர் 2. ஃபிளெக்ஸ் வைக்கவில்லை.

ஜனவரி 18, 2026, ஞாயிறு

ஒரு வருஷம். இந்த முறையும் பொங்கல் முடிந்த ஞாயிறுதான், போன வருஷத்தோடு ஒப்பிட வேண்டும் என்று வேண்டுமென்றே வைத்தேன். பத்தொன்பது பேரை அளந்தாயிற்று, சராசரி 1.9 கிலோ குறைவு. டாக்டரம்மா வருத்தப்படவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்களை மூன்றரை வருஷம் கழித்துப் பார்த்தபோது அவர்களுக்கும் 2.90 கிலோதான் நின்றிருக்கிறது. நான் 81.8, இடுப்பு 99. ஏப்ரலில் இருந்ததைவிட ஏறிவிட்டேன், ஆரம்பித்ததைவிட இறங்கியிருக்கிறேன். மச்சான் அன்றைக்கு இருந்த அதே எடை, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொல்கிறார். டெய்லர் அண்ணன் தன் இடுப்பை மஞ்சள் டேப், வெள்ளை டேப் இரண்டிலும் அளக்கச் சொல்லி, மஞ்சளில் வந்ததை எழுதச் சொன்னார். வெள்ளையை எழுதினேன்.

மத்தியானம் ஒரு போன், அந்த ஒன்பதாமவர். "மெஷின் இருக்குதுங்களா அண்ணா? கொண்டாங்க. ஆனா நம்பரை எங்கிட்டச் சொல்லக்கூடாது." போனேன். தரையில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். எழுதிக்கொண்டு நோட்டை மூடிவிட்டேன். அவர் கேட்கவில்லை. காபி கொடுத்தார்கள், சர்க்கரை போடாமல்.