வெளுத்ததெல்லாம் எய்ல்ஸ்பரி அல்ல

பறவை வளர்ப்பை விட்டு விலகிய ஒருவரிடமிருந்து ஒரு சின்ன வாத்துக் கூட்டம் என் கைக்கு வந்தது. எல்லாமே வெள்ளை. "எய்ல்ஸ்பரி, கலப்பே இல்லாதது" என்று சொல்லிக் கொடுத்தார். எது எதற்குப் பிறந்தது, எந்த ஆண்டில் பொரித்தது என்று எந்தக் குறிப்பும் இல்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. ஆனால் இந்த இனத்தின் வரலாறு கொஞ்சம் தெரிந்தவர்கூட அந்த ஒரு வாய்ச்சொல்லை நம்பிக் குஞ்சு பொரிக்க ஆரம்பிக்க மாட்டார்.

எய்ல்ஸ்பரி என்பது இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள ஊர்; அந்தப் பெயர்தான் இந்த வாத்து இனத்துக்கும். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பல ஏழை வீடுகளில், வீட்டுக்குள்ளேயே வாத்துக் குஞ்சுகளை வளர்த்து லண்டன் சந்தைக்கு அனுப்பினார்கள். 1839-இல் ரயில் வந்தபிறகு அந்த வியாபாரம் நன்றாகப் பெருகியது. எட்டு வாரக் குஞ்சுக்குத்தான் விலை. 1845-இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் நடந்த கண்காட்சியில் "எய்ல்ஸ்பரி அல்லது வேறு வெள்ளை வகை" என்றே ஒரு பிரிவு இருந்தது. பிறகு 1873-இல் சீனாவிலிருந்து பெக்கின் என்ற இன்னொரு வெள்ளை வாத்து இனம் வந்தது. அது அதிகம் முட்டையிடும், வளர்ப்பதும் சுலபம். வியாபாரிகள் இரண்டையும் கலந்தார்கள். சிக்கல் எங்கே என்றால், இரண்டு இனத்திலும் வெள்ளை நிறம் ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் குஞ்சும் வெள்ளைதான். வேறு நிற வாத்தோடு கலந்திருந்தால் அடுத்த தலைமுறையிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். பெக்கின் கலப்போ நிறத்தில் தடயமே விடாமல் நூறு வருடமாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இன்று உலகில் எய்ல்ஸ்பரி என்ற பெயரில் இருக்கும் வாத்துகளில் பெரும்பாலானவற்றுக்குள் பெக்கின் ரத்தம் ஓடுகிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? யாரைக் கேட்டாலும் முதலில் அலகைப் பார் என்பார்கள். எய்ல்ஸ்பரி அலகு வெளிர் ரோஜா நிறம், பெக்கின் அலகு ஆரஞ்சு. கேட்க எளிது. என்னிடம் வந்தவற்றின் அலகுகள் ரோஜாவும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. அழுக்கு மஞ்சளாக இருந்தன. காரணம் தீவனம். பழைய இடத்தில் மக்காச்சோளம் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள், நாள் முழுக்க வெயிலில் விட்டிருக்கிறார்கள். மக்காச்சோளத்திலும் பசும்புல்லிலும் இருக்கும் மஞ்சள் நிறமி அலகில் ஏறும். வெயில் பட்டாலும் ரோஜா நிறம் மங்கும். அந்தக் காலத்து வளர்ப்பாளர்கள் அலகு வெளிறியே இருக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீர்த் தொட்டியில் சரளைக்கல் போட்டு வைத்தார்கள். நான் மக்காச்சோளத்தை நிறுத்திக் கோதுமைக்கு மாற்றினேன். பகலில் நிழலான அடைப்பில் வைத்தேன். பொறுமை வேண்டும், ஒரே வாரத்தில் எதுவும் நடக்காது. போகப்போகப் பெரும்பாலானவற்றின் அலகு வெளுத்தது. சிலவற்றில் மட்டும் அழுக்கு மஞ்சளுக்கு அடியில் ஆரஞ்சு தெரிந்தது, அது அசையவே இல்லை. அவற்றுக்குத் தனி நிற வளையம் மாட்டினேன்.

ஆனாலும் என்னைக் கேட்டால், எல்லோரும் முதலில் பார்க்கும் அலகுதான் இருப்பதிலேயே பலவீனமான அடையாளம். உடல்வாகு அதைவிட நன்றாகப் பேசும். எய்ல்ஸ்பரி நிற்கும்போது முதுகு தரைக்கு இணையாக இருக்கும். மார்பிலிருந்து வயிறு வரை கீழே ஒரு தோல் மடிப்பு, படகின் அடிப்பாகம் போல, நேராகத் தொங்கும். நல்ல பறவையில் அது கிட்டத்தட்டத் தரையைத் தொடும். பெக்கின் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். தலையைப் பக்கவாட்டில் பாருங்கள்: எய்ல்ஸ்பரிக்கு நீண்ட நேரான அலகு, உச்சந்தலைவரை ஏறக்குறைய ஒரே கோடு. பெக்கினுக்குக் குட்டை அலகு, புடைத்த நெற்றி. கால் நிறத்தைப் பார்த்துப் பயனில்லை, இரண்டுக்குமே ஆரஞ்சுதான். இறகில் பெக்கினுக்கு லேசான பாலேடு நிறம் இருக்கும், எய்ல்ஸ்பரி பளிச்சென்ற வெள்ளை. ஆனால் சேற்றில் புரண்ட வாத்தில் இதை எப்படிப் பார்ப்பது? சுத்தமான தண்ணீரில் குளிக்கவிட்டு, இறகைக் கோதி முடித்தபிறகுதான் பார்க்க வேண்டும்.

புகைப்படம் எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. பயந்த வாத்து கழுத்தை நீட்டி நெஞ்சைத் தூக்கிவிடும்; அந்தப் படத்தில் எந்த எய்ல்ஸ்பரியும் பெக்கின் மாதிரிதான் தெரியும். நான் சமதரையில் தீவனத்தட்டை வைத்துவிட்டு, தரையோடு தரையாகப் படுத்து, அவை என்னை மறந்த நேரத்தில் பக்கவாட்டிலிருந்து எடுத்தேன். பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். எடையும் போட்டேன். கண்காட்சித் தரத்தில் ஆண் 4.5 முதல் 5.4 கிலோ, பெட்டை 4.1 முதல் 5 கிலோ. இளம் பறவையில் எடையும் அடிமடிப்பும் முழுதாக வந்திருக்காது என்பதால் முதல் ஆண்டிலேயே எதையும் தள்ளிவிடவில்லை.

படங்களையும் எடைகளையும் கண்காட்சிகளில் நடுவராக இருந்த அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டினேன். அவர் படத்தைச் சட்டென்று தள்ளிவைத்துவிட்டு, பறவையைத் தூக்கி அடிமடிப்பை விரலால் முன்னிருந்து பின்வரை தடவிப் பார்த்தார். நடுவில் உடையாமல் நேராக வருகிறதா என்பதுதான் அவர் தேடியது. மூன்று வகையாகப் பிரித்துக் கொடுத்தார்: நல்லவை, இரண்டுங்கெட்டான்கள், பெக்கின் சாயல் தெளிவாக உள்ளவை. ஆரஞ்சு மாறாதவற்றில் ஒன்று இரண்டாம் வகையில் போய் உட்கார்ந்தது. உடல் அவ்வளவு அருமை.

டிஎன்ஏ பார்க்கலாமே என்று பலர் சொன்னார்கள். எளிதாகப் பார்க்கக்கூடிய மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே வருவது. பெக்கின் கலப்பு ஆண் வழியாக நுழைந்திருந்தால் அதில் எதுவும் தெரியாது. முழு மரபணுவைப் பார்ப்பதென்றாலும், ஒப்பிட ஐயமில்லாத எய்ல்ஸ்பரிகளின் மாதிரிகள் வேண்டும். அது இல்லாமல் அறிக்கை வாங்கி என்ன செய்வது? அந்தப் பணத்தைத் தீவனத்தில் போட்டேன்.

அதைவிட நல்ல சோதனை குஞ்சுகள்தான். ஒவ்வொரு ஆண் வாத்தையும் குறிப்பிட்ட பெட்டைகளோடு தனி அடைப்பில் விட்டு, முட்டையில் பென்சிலால் அடைப்பின் எண்ணை எழுதி, பொரித்த குஞ்சுக்கு உடனே அடையாளம் போட்டேன். வளர்ந்தபிறகு கதை தெரிந்தது. சில ஜோடிகளின் பிள்ளைகள் எல்லாம் ஒரே அச்சில் வந்தன. வேறு சில ஜோடிகளில் ஒன்று படுத்த முதுகு, ஒன்று நிமிர்ந்த நெஞ்சு, ஒன்றுக்கு ஆரஞ்சு அலகு. பெற்றோர் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், பிள்ளைகள் இப்படிச் சிதறினால் உள்ளே கலப்பு இருக்கிறது என்று பொருள்.

இந்த இடத்தில் பொரிப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த இனம் அருகியதற்கு அதுவும் ஒரு காரணம். கனத்த உடம்போடு தரையில் இணைசேர்வது ஆண் வாத்துக்குக் கஷ்டம். கண்காட்சிக்காகப் பெரிதாக்கிய வம்ச வரிசைகளில் கூமுட்டை அதிகம். இரண்டு மாற்றங்கள் எனக்குப் பலன் தந்தன: நீந்துமளவு ஆழமான தண்ணீர், குளிர்காலத்தில் கொழுக்கவிடாமல் அளந்து போட்ட தீவனம். ஏழாம் நாள் முட்டையை இருட்டில் விளக்குக்கு நேரே பிடித்தால் ரத்தநாளம் தெரியும். அப்படித் தெரியும் முட்டைகள் கண்கூடாகக் கூடின. எய்ல்ஸ்பரிப் பெட்டை நம்பி அடைவைக்கக்கூடியது அல்ல. அந்த ஊர்க்காரர்களே அன்று அடைக்கோழிகளை வைத்துத்தான் பொரித்தார்கள். இன்குபேட்டர் என்றால் 37.5 டிகிரி, 28 நாள். குஞ்சுக்குக் கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டும் போதாது, நயாசின் என்ற பி வைட்டமின் குறைந்து கால் வளையும். கிலோ தீவனத்துக்கு 55 மில்லிகிராம் அளவு வேண்டும்.

எதை வைத்துக்கொள்வது என்பதுதான் கடினமான முடிவு. முதல் வகையை மட்டும் வைத்துக்கொண்டால் கூட்டம் மிகவும் சிறுத்துவிடும். ஒரு கூட்டம் மரபணு வகைமையில் உண்மையில் எத்தனை பறவைக்குச் சமம் என்று காட்ட, பயனுள்ள இனப்பெருக்க எண்ணிக்கை என்று ஒரு கணக்கு உண்டு: ஆண்களின் எண்ணிக்கையையும் பெட்டைகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தப் பறவைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஓர் ஆணும் ஐந்து பெட்டைகளும் இருந்தால் விடை 3.3. அதே ஆறு பறவைகளில் இரண்டு ஆண், நான்கு பெட்டை என்றால் 5.3. இருக்கும் ஆண்களிலேயே அழகான ஒன்றை மட்டும் எல்லாப் பெட்டைகளுக்கும் விடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இதிலேயே தெரிகிறது. ஆகவே சுமாரான ஆண்களையும் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வகையில் சேர்ந்த அந்த ஆரஞ்சு அலகுப் பெட்டையைப் பற்றி நண்பர்களோடு நிறைய விவாதம். தூய்மை பேசுகிறவர்கள் உடனே கழிக்கச் சொன்னார்கள். நான் அதை முதல் வரிசையில் சேர்க்கவில்லை, கழிக்கவும் இல்லை. இரண்டாவது வரிசையில் நல்ல எய்ல்ஸ்பரி ஆணோடு விட்டேன். அதன் பெண்குஞ்சுகளையும் மீண்டும் எய்ல்ஸ்பரி ஆணோடு சேர்த்தால், தலைமுறைக்குத் தலைமுறை கலப்பு சராசரியாகப் பாதியாகும். முதல் வரிசையில் முட்டை பொய்த்துப் போனால் எடுக்க ஒரு கையிருப்பு வேண்டும் அல்லவா?

இப்போது மூன்று அடைப்புகள். ஆண்குஞ்சுகள் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறும், பெட்டைகள் பிறந்த இடத்திலேயே இருக்கும். பறவைக் காய்ச்சல் ஒரே இரவில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்பதால் மூன்றில் ஓர் அடைப்பை வேறொருவர் பொறுப்பில் தூரமாக வைத்திருக்கிறோம். வாத்து கைமாறும்போது அதன் வளைய எண், பெற்றோர், எடை, குஞ்சுகள் எப்படி வந்தன என்ற குறிப்பு எல்லாம் கூடவே போகின்றன. குறிப்பு வேண்டாம், வாத்து மட்டும் போதும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு மூன்றாம் வகையிலிருந்து கொடுக்கிறேன், எய்ல்ஸ்பரி என்று சொல்லாமல்.