ஓட்டு வீட்டைக் கழற்றி வாடகைக்குக் கட்டியபோது

பாலக்கோடு பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். புதிதாக மாடி வீடு கட்டிக் குடிபோய்விட்டதால் பழைய ஓட்டு வீடு சும்மா கிடந்தது. போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருகிறவர்கள் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். அங்கே எங்களுக்கு ஒரு மனை இருக்கிறது, இந்த வீட்டையே கொண்டுபோய் நிறுத்த முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். இத்தனை வருட மேஸ்திரி வேலையில் கேட்டதுமே ஆசை வந்த வேலை இது.

ஜாக்கி வைத்துத் தூக்குவதெல்லாம் இருக்கிற இடத்தில் உயர்த்தவோ, கொஞ்சம் நகர்த்தவோதான். ஊர் விட்டு ஊர் போக வேண்டுமென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். நல்லவேளை, சுவர் மண் சாந்தில் கட்டியது. கடப்பாரையால் லேசாக நெம்பினாலே செங்கல் முழுசாக வந்தது. சிமெண்ட் கட்டாக இருந்தால் கல்தான் உடையும், சாந்து விடாது.

கூரையில்தான் பொறுமை வேண்டும். கூரையின் சாய்வுச் சட்டமான வாரை ஒவ்வொன்றுக்கும் பெயிண்டில் நம்பர் போட்டோம். மங்களூர் ஓடு, அடியில் இருக்கும் குமிழ், வாரைக்குக் குறுக்கே அடித்த ரீப்பர் சட்டத்தில் மாட்டித்தான் நிற்கும். ரீப்பர் இடைவெளி கொஞ்சம் பிசகினாலும் ஓட்டின் மேல் ஓடு படியாது, மழை உள்ளே வரும். அதனால் பழைய இடைவெளியை அளந்து ஒரு கட்டை வெட்டிக்கொண்டோம். புது இடத்தில் ஆசாரி அந்தக் கட்டையை வைத்து வைத்துத்தான் ரீப்பர் அடித்தார். லாரியில் ஓட்டைப் படுக்கப்போட்டால் அடியில் இருப்பது நொறுங்கும். நிமிர்த்தி அடுக்கி, இடையில் வைக்கோல் திணித்தோம். வீட்டு அம்மாவுக்கு வாசல் நிலை மேல்தான் கண். “மேஸ்திரி, மத்தது போனாலும் பரவால்ல, நிலைய மட்டும் பாத்து எடுங்க” என்று பக்கத்திலேயே நின்றார். ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது.

செலவு மிச்சமானது மரத்திலும் ஓட்டிலும்தான். செங்கல்லில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, ஏற்றி இறக்கிய கூலி கிட்டத்தட்ட புதுக் கல் விலைக்கு வந்துவிட்டது. அஸ்திவாரம், தரை, ஒயரிங் எல்லாம் புதுசு. வீடு பழையது என்றாலும் புது மனையில் அது புதுக் கட்டடம்தான். கட்டட அனுமதி, மின் இணைப்பு எல்லாம் முதலிலிருந்து வாங்க வேண்டும்.

வாக்குவாதம் வந்தது கழிப்பறையில். பழைய வீட்டில் அது கிடையாது. “வாடகைக்குத்தானே, வெளிய ஓரமா ஷீட்டு போட்டு ஒண்ணு கட்டிடலாம்” என்றார் பெரியவர். “ஷிப்டு முடிச்சு ராத்திரில வர்ற பொம்பளைங்க இருக்கப்போற வீடுங்க ஐயா, உள்ளதான் வேணும்” என்று நான் விடவில்லை. அவர் ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது.

அப்புறம் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த பிள்ளைகளை இங்கே எல்லோரும் பார்த்திருப்போம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. போர் தண்ணீர் புழங்க மட்டும், குடிக்க ஒகேனக்கல் தண்ணீர்க் குழாய் என்று தனித்தனியாக லைன் இழுத்தோம். வாடகைக்கு வருகிறவர்களும் பிள்ளைகளோடுதானே வருவார்கள்.

வரிசையாக ஷீட் போட்ட லைன் வீடுகளில் சித்திரை வெயிலில் மனிதர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டுக்கு அடியில் அந்த அளவு புழுக்கம் இல்லை. வந்த குடும்பம் திண்ணையையும் நன்றாகப் புழங்குகிறது.

இப்போது காரிமங்கலத்திலிருந்து ஒருவர் இதே போலக் கேட்டிருக்கிறார். அவர் வீட்டுச் சுவர் சிமெண்ட் கட்டு. கூரையையும் நிலை கதவையும் மட்டும் எடுக்கலாம், சுவரை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.