உறைபனி வரும்வரை வாரம் ஒரு பூச்சாடி: தோட்டத்துப் பூக்களோடு எட்டு வாரம்

பூவைச் செடியிலேயே விட்டுப் பார்க்கிற ஆள் நான். கோடை முழுக்க அப்படித்தான் போகும். ஆனால் இலையுதிர் காலம் தொடங்கிவிட்டால் ஒரு பதைப்பு வந்துவிடும். ஏதோ ஒரு ராத்திரி உறைபனி இறங்கும், விடிந்து பார்த்தால் நேற்று வரை நிமிர்ந்து நின்ற டேலியா கறுத்துத் துவண்டு கிடக்கும். போன வருஷம் அப்படி ஒரே இரவில் நாற்பது ஐம்பது பூ போனது. ஒன்றைக்கூட வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கவில்லையே என்று நாள் முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அதனால் இந்த வருஷம் ஒரு முடிவு. உறைபனி வரும்வரை வாரத்துக்கு ஒரு பூச்சாடி. தோட்டத்தில் இருப்பது மட்டும்தான், வெளியிலிருந்து ஒரு காம்புகூடக் கிடையாது. குறிப்பேட்டில் அவ்வப்போது கிறுக்கி வைத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதல் வாரம்

டேலியாவில் தொடங்கினேன். பாதி விரிந்த மொட்டாகப் பார்த்து ஏழெட்டு வெட்டினேன், ஜாடியில் மெதுவாக விரியட்டும் என்று. ரோஜா அப்படி விரியும். டேலியா விரியாது என்பது எனக்குத் தெரியாது. வெட்டிய நிலையிலேயே நான்கு நாள் இருந்து, அப்படியே சுருங்கிவிட்டது.

அடுத்த தடவை பூவைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். டேலியாவின் வயது முகத்தில் தெரியாது, முதுகில்தான் தெரியும். காம்போடு ஒட்டியிருக்கும் கடைசி வரிசை இதழ்களை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். விறைப்பாக, ஈரமாக இருந்தால் வெட்டலாம். ஓரம் காகிதம் மாதிரி மெலிந்து, லேசாகப் பழுப்பேறியிருந்தால் அந்தப் பூ செடியிலேயே இருக்கட்டும், இரண்டு நாளில் உதிர்ந்துவிடும்.

வெட்டும் நேரத்திலும் தவறு செய்திருந்தேன். மதிய வெயிலில் வெட்டினேன். அப்போது செடி ஏற்கெனவே நீரை இழந்து நிற்கும். காலையில், பனி காய்வதற்கு முன்பு வெட்டினால் தண்டு முழுக்க நீர் ஏறியிருக்கும். இப்போது வாளியில் தண்ணீரோடுதான் தோட்டத்துக்குள் போகிறேன். வெட்டிய கை அப்படியே வாளிக்குள் போய்விட வேண்டும். கூடையில் போட்டுக்கொண்டு சுற்றினால் வெட்டுவாயில் காற்று புகுந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். கொதித்து இறக்கிச் சற்று ஆறிய நீரில் டேலியாக் காம்பின் அடியை ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு நிற்க வைத்து, நீர் ஆறும்வரை ஒரு மணி நேரம் விட்டேன். அதன் பிறகு ஜாடிக்கு மாற்றினேன். சாதாரணமாக வைத்ததைவிட ஒரு நாள் கூடுதலாக நின்றது. ஒரு நாள்தானே என்று தோன்றலாம். டேலியாவுக்கு மொத்த ஆயுளே ஐந்து நாள்தான்.

இரண்டாம் வாரம்

ஜினியா, காஸ்மோஸ். ஜினியாவுக்கு ஒரு சோதனை உண்டு. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும். தலை தளதளவென்று ஆடினால் இன்னும் முற்றவில்லை, வெட்டினால் அன்று சாயங்காலமே குனிந்துவிடும். தண்டு குச்சி மாதிரி விறைத்து நின்றால் வெட்டலாம். மூன்று பூவில் ஒன்றுதான் தேறியது, ஆனால் தேறியவை எல்லாம் பத்து நாள் நின்றன.

காஸ்மோஸ் நேர் எதிர். நன்றாக விரிந்ததை வெட்டினால் மேசை முழுக்க இதழ். மொட்டின் முதல் இதழ் விலகும்போதே வெட்டிவிட வேண்டும், அது ஜாடியில் விரியும். தேனீ வந்து மகரந்தம் சேர்த்துவிட்ட பூவுக்கு இதழ் தேவையில்லை, அதனால்தான் உதிர்த்துவிடுகிறது.

தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை முழுக்கக் கிள்ளிவிட வேண்டும் என்பதும் இந்த வாரம்தான் புரிந்தது. இரண்டு இலையை விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கி, வாடை வந்தது. இலை அழுகினால் பாக்டீரியா பெருகும், அது காம்பின் துளைகளை அடைக்கும். ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் வாடும்.

மூன்றாம் வாரம்: ஹைட்ரேஞ்சியா

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த எட்டு வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த காலை இதுதான்.

வேலி ஓரத்தில் நிற்கும் ஹைட்ரேஞ்சியாவில் கோடையின் நீலம் போய், பச்சையும் பழைய ஒயின் நிறமும் கலந்த ஒரு சாயல் ஏறியிருந்தது. மூன்று பெரிய தலைகளை வெட்டி வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒன்று மட்டும் ஈரத்துணி மாதிரித் தொங்கிவிட்டது. என் மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, இது மட்டும் ஏன் அழுவுற மாதிரி இருக்கு?" என்றாள்.

காம்பை மறுபடி சாய்வாக வெட்டிவிட்டு, பெரிய வாளியில் பூவைத் தலைகீழாக, முழுதும் மூழ்கும்படி அமுக்கி வைத்தோம். முதலில் மிதந்தது. மேலே ஒரு தட்டை வைத்தேன். இதழ்களுக்கிடையில் மாட்டிய காற்று சின்னச் சின்னக் குமிழாக மேலே வந்துகொண்டே இருந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராத்திரி முழுக்க அப்படியே விட்டோம். காலையில் தட்டை எடுத்தால் பூ விறைப்பாக, செடியில் இருந்ததைப் போலவே நிற்கிறது. தூக்கியபோது நல்ல கனம்.

நாம் ஹைட்ரேஞ்சியாவின் இதழ் என்று நினைப்பவை உண்மையில் புல்லி இதழ்கள், அதாவது மற்றப் பூக்களில் மொட்டை மூடியிருக்கும் உறை. அவை வழியாகவும் அது நீரை இழுத்துக்கொள்ளும். வேறு பல பூக்களை இப்படி மூழ்கடித்தால் கெட்டுப்போகும்.

எந்தத் தலை வாடியது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். இளசாக, மெத்தென்று இருந்ததுதான் வாடியது. தொட்டால் சரசரக்கும் அளவுக்கு முற்றிய இரண்டும் அசையவே இல்லை. இலையுதிர் காலத்தின் பாதிக்குப் பிறகு வெட்டுவது முற்றியதாக இருந்தால், ஜாடியில் நீர் தானாக வற்றும்வரை விட்டுவிடலாம். நிறம் அதிகம் போகாமல் அப்படியே காய்ந்து நிற்கும்.

நான்காம் வாரம்

இதுவரை பூவைத்தான் முதலில் வைத்தேன். இடைவெளி தெரிந்தால் அங்கே ஒரு இலையைச் சொருகுவது. மூன்று வாரமும் பூக்கள் தனித்தனியாக அழகு, சேர்த்து வைத்தால் நெரிசல். ஒன்றுக்கொன்று தோளில் இடித்துக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் எல்லாம் ஜாடியின் ஒரு பக்கமாகச் சாயும்.

இந்த வாரம் மாற்றினேன். முதலில் இலை, கிளை மட்டும். கருஞ்சிவப்பு ஸ்மோக் புஷ் கிளை இரண்டு, வளைந்து தொங்கும் ஐவிக் கொடி ஒன்று, கோலியஸ் நான்கைந்து, ஓரத்தில் பெரணி. பூவே இல்லாமல் பார்த்தாலும் நன்றாக இருக்கிறது என்று தோன்றும்வரை இலையை மட்டும் அடுக்கினேன். அதற்கு அரை மணி நேரம் ஆனது. அப்புறம் ஐந்தே ஐந்து டேலியா. அவ்வளவுதான்.

வித்தியாசம் எங்கே இருக்கிறதென்றால், கிளைகளின் அடிக்காம்புகள் ஜாடிக்குள் ஒன்றோடொன்று குறுக்காகப் பின்னி ஒரு வலை மாதிரி ஆகிவிடுகின்றன. அதற்குள் சொருகிய பூ, சொருகிய கோணத்திலேயே நிற்கிறது. வாய் அகன்ற ஜாடிக்கு அது போதாது. அதற்குக் கோழிக்கூண்டு வலையை ஒரு துண்டு வெட்டி, உருண்டையாகக் கசக்கி உள்ளே போட்டேன். தட்டையான கிண்ணத்துக்கு ஜப்பானியர்களின் கென்சான், அதாவது அடியில் கனமாகவும் மேலே முள் முள்ளாகவும் இருக்கும் தட்டு. கடையில் பூச் சொருக விற்கும் பச்சை நிற நுரைக்கட்டி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அது பிளாஸ்டிக், மக்காது. உதிர்ந்த தூள் மண்ணில் அப்படியே கிடக்கும்.

உயரத்துக்கும் ஒரு கணக்கு கிடைத்தது. ஜப்பானிய மலர் அலங்காரக் கலையான இக்கெபானாவின் சோகெட்சு பள்ளியில் மூன்று முதன்மைக் கிளைகள். முதலாவதன் நீளம், ஜாடியின் உயரத்தையும் அகலத்தையும் கூட்டி அதைப் போல் ஒன்றரை மடங்கு. இரண்டாவது அதில் முக்கால். மூன்றாவது இரண்டாவதில் முக்கால். என் ஜாடி 20 சென்டிமீட்டர் உயரம், 10 அகலம். ஆக 45, 34, 25. அளந்து வெட்டினேன். கண்ணால் வெட்டியபோதெல்லாம் நான் எவ்வளவு குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஐந்தாம் வாரம்

மேப்பிள் மரம் உச்சிச் சிவப்பில் இருந்த நாளில் ஒரு கிளை வெட்டினேன். இரண்டாம் நாள் ஜாடியைச் சுற்றி இலை, ஜாடியில் குச்சி.

இதற்குக் காரணம் ஜாடியிலோ தண்ணீரிலோ இல்லை. பகல் குறையும்போது இலை தன் பச்சையத்தைக் கைவிடுகிறது, அதே சமயம் இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் ஒரு மெல்லிய பிரிவு அடுக்கு உருவாகிறது. நல்ல சிவப்பில் இருக்கும் இலை அனேகமாகப் பிரிந்து முடிந்த இலை, காற்றடிக்கவில்லை என்பதால் தொங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த நாள் ஓரம் மட்டும் நிறம் மாறத் தொடங்கிய கிளையை வெட்டினேன். அது ஆறு நாள் நின்றது.

கிளிசரினில் இலையைப் பதப்படுத்தவும் பார்த்தேன். ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு வெந்நீர், அதில் கிளை. ஒன்றும் நடக்கவில்லை. நிறம் மாறிய இலை நீர் உறிஞ்சுவதை நிறுத்திவிடும், பிறகு கிளிசரின் எப்படி ஏறும்? கோடை முடிவதற்குள், இலை பச்சையாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. அடுத்த ஆண்டுக்குக் குறித்து வைத்திருக்கிறேன், பீச் (beech, பழம் தரும் peach அல்ல) மரக் கிளையில்.

ஆறாம் வாரம்

ஸ்னாப்டிராகன் ஒரே நாளில் அடியிலிருந்து பூ உதிர்த்தது. பக்கத்தில் பழக்கூடை. பழுக்கும் ஆப்பிளிலிருந்து எத்திலீன் வாயு வரும், பல பூக்கள் முதுமையடைவதற்கு அதுதான் சைகை. ஜாடியை வேறு அறைக்கு மாற்றினேன். வாடிய பூவும் அதே வாயுவை விடுமாம், அதனால் இப்போது வாடியதைக் காலையிலேயே கிள்ளி எடுத்துவிடுகிறேன்.

சாமந்தியில் ஒரு ஒப்பீடு செய்தேன். ஒரே செடியில் வெட்டிய ஆறு ஆறு காம்புகள், ஒரே மாதிரி இரண்டு ஜாடி. ஒன்றில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றும் வெறும் தண்ணீர். இன்னொன்றில் ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, சில துளி ப்ளீச். சர்க்கரை பூவுக்கு உணவு, புளிப்பு நீர் எளிதாக ஏற, ப்ளீச் பாக்டீரியாவுக்கு. சர்க்கரையை மட்டும் போட்டால் அதைத் தின்று வளர்வது பாக்டீரியாதான். வெறும் தண்ணீரில் 12 நாள், கலவையில் 15 நாள். இரண்டிலுமே பூவுக்கு முன்பு இலைதான் மஞ்சளானது. சாமந்தியில் மேல் நான்கு இலையை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, பசுமைக்கு வேறு செடியின் இலையைச் சேர்ப்பதே நல்லது.

ஏழாம் வாரம்

இரவு நீண்டதும் மீதிச் சாமந்தியும் பூத்துவிட்டது. அதுதான் அதன் கடிகாரம். தெருவிளக்கு படும் மூலையில் இருக்கும் செடி மட்டும் இன்னும் மொட்டிலேயே நிற்கிறது.

இந்த வார ஜாடிதான் எட்டிலும் சிறந்தது என்பேன். துருநிறச் சாமந்தி, கோழிக்கொண்டை, காட்டு ரோஜாவின் சிவந்த காய்கள், கசகசாச் செடியின் காய்ந்த நெற்று, இரண்டு புல் கதிர். எல்லாம் ஆரஞ்சும் சிவப்புமாகப் போய், அடுப்பு மாதிரி இருந்தது. ஏதோ குறைகிறது. ஊதா ஆஸ்டர் மூன்றை உள்ளே, ஆழமாக, பாதி மறையும்படி சொருகினேன். உடனே ஆரஞ்சு ஒளிர்ந்தது. இலையுதிர் கால நிறங்கள் என்று வெறும் தீ நிறங்களையே சேர்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு குளிர்ந்த நிறம், கொஞ்சமாக, ஆழத்தில்.

யூபோர்பியாவையும் சேர்க்க நினைத்து வெட்டினேன். வெட்டுவாயில் பால் வடியும். தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நுனியைக் கொதிநீரில் அரை நிமிடம் வைத்தால் பால் நிற்கும்.

எட்டாம் வாரம்

ராத்திரி உறைபனி என்று வானிலை அறிவிப்பு. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு டார்ச்சோடு இறங்கினோம். மகள் வெளிச்சம் காட்ட, நான் வெட்டினேன். முதுகு பார்த்து, ஆட்டிப் பார்த்து வெட்டவெல்லாம் நேரமில்லை. இருந்த டேலியா முப்பத்தொன்றும், ஜினியா எல்லாமும், செடம் தலைகளும் மூன்று வாளியில் வந்துவிட்டன. "இன்னும் அந்த மூலையில ஒண்ணு இருக்கும்மா" என்று அவள் காட்டியது விரியாத மொட்டு. அதையும் வெட்டினேன்.

காலையில் தோட்டம் கறுத்துக் கிடந்தது. சாமந்தி மட்டும் இதழ் ஓரத்தில் வெள்ளை கட்டி நின்றது. வீட்டுக்குள் ஐந்து ஜாடி.

பழைய ஜாடிகளைக் கழுவ எடுத்தபோது, நான்காம் வாரத்தின் கோலியஸ் இன்னும் வாடவில்லை என்று கவனித்தேன். பூவெல்லாம் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. தண்ணீரிலிருந்து தூக்கினால் ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வேர், விரல் நீளத்துக்கு. நான்கு தொட்டியில் நட்டு ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறேன். டேலியாக் கிழங்கைத் தோண்டும் வேலை நாளைக்கு.